பொதுமன்றத்திற்குச் சுடுமண் முகப்பு

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவிலே கட்டடக்கலையைப் பற்றிப் பேசுதற்குப் பள்ளித் தலைமையாசிரியருக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். தகுதி இல்லைதான். ஆயினும் நம் சங்கத்தின் புதிய படிப்பகத்திற்கு முகப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இளைஞர்கள் கண்ணாடி வேண்டும் என்றனர். சுடுமண் பலகைகளைப் பொருத்தலாம் என்று நாம் கூறினோம். அப்பொழுது பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, மண் சுவரை விட்டு இப்பத்தான் வெளியே வந்தோம். பிள்ளைங்க படிக்கிற இடத்துக்கும் மண்ணுதானா?" என்று கேட்டார். அன்று நாம் விடை கூறாமல் அமர்ந்துவிட்டோம். இன்று கூற முயல்கிறோம்.

அவர் கேள்வியின் பின்னே இருப்பதை நாமும் அறிவோம். நாம் சிறுவராயிருந்த 1970களின் இறுதியில், பொங்கல் கழிந்ததும் எம் பெற்றோர் செங்கற்சூளைக்குப் புறப்பட்டுவிடுவர். மழைக்காலத்திலேயே முன்பணம் வாங்கிச் செலவழிந்திருக்கும். மாலையில் மண்ணை வெட்டி ஊறவைத்து, நள்ளிரவில் எழுந்து மிதித்து, விடியுமுன் கல் அறுக்கத் தொடங்குவர். வெயில் ஏறியபின் பச்சைக்கல்லைப் புரட்டி நிறுத்துவது எம் போன்ற பிள்ளைகளின் வேலை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. அச்செய்தி எம் சூளைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. கணக்கு எழுதியவர் ஒருவர். கைநாட்டு வைத்தவர் எம் தந்தையார். பெரியவர் வெறுப்பது அந்தக் கணக்கை என்றே நாம் கொள்கிறோம். மண் அதற்கு என்ன செய்யும்?

சென்னை உயர்நீதிமன்றத்தைக் காணாதவர் இவ்வவையில் இரார், வழக்கிற்காகவேனும் சென்றிருப்போம். 1892இல் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் செந்நிறம் முழுவதும் சுட்ட மண்ணின் நிறமே. ஹென்றி இர்வின் என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் எழுந்தது அது. செங்கல்லும் சுடுமண் அணிவேலையும் இந்நாட்டு மண்ணிலேயே செய்யப்பட்டவை. வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கைவினைஞர்கள். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய அப்பள்ளிதான் இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கடற்காற்று வீசும் இடத்தில் 130 ஆண்டுகளைக் கடந்து அக்கட்டடம் நிற்கின்றது. ஓர் இடைச்செய்தி: செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாய் நம்மவர்க்குப் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்ததும் அதே 1892இல்தான். மண் நிறக் கட்டடத்திற்குள் மண்ணுக்காக நாம் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறோம் என்பதை வேறொரு நாள் பேசுவோம்.

மாமல்லபுரத்திற்கு அண்மையில் வாழும் நமக்குக் கல்லே பெருமையுடையதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமலே இக்கோயிலை எடுத்தேன் என்று கல்வெட்டில் வியந்துகொள்கிறான். அதற்கு முன் கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பதற்கு அவனே சான்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பழைய முருகன் கோயிலின் செங்கற் கட்டுமானம் வெளிப்பட்டது. வங்கத்திலே விஷ்ணுபூரில் 17ஆம் நூற்றாண்டுக் கோயில்களின் சுவர் முழுவதும் சுடுமண் சிற்பப் பலகைகளே. நல்ல கல் கிடைக்காத நாட்டார் மண்ணையே கல்லாக்கினர்.

இக்காலத்து முறை வேறு. அன்று சுடுமண் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. இன்று சுவருக்கு முன்னே சட்டம் அமைத்து, உட்புறம் குழலாக உள்ள மண் பலகைகளைக் கொக்கிகளில் மாட்டுகின்றனர். பலகைக்கும் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி. வெயில் பலகையைச் சுடுகிறது. இடைவெளியிலுள்ள காற்று சூடேறி மேலெழுந்து வெளியேறுகிறது. சுவர் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. சித்திரை வெயிலுக்குத் திண்ணையின் முன்னே நாம் தட்டி கட்டுவதில்லையா? அதே நுட்பம்தான். மழைநீரும் பலகையில் பட்டு வழிந்துவிடும். உட்புகும் சிறிதளவு நீர் இடைவெளியிலேயே கீழிறங்கும். ரென்சோ பியானோ என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் 1990களில் பெர்லின் நகரத்துப் போட்ஸ்டாமர் சதுக்கத்தில் உயர்ந்த கட்டடங்களுக்கு இம்முறையில் சுடுமண் போர்த்தினார். 2007இல் திறக்கப்பெற்ற நியூயார்க் டைம்ஸ் மாளிகையில் கண்ணாடிக்கு முன்னே வரிசை வரிசையாகப் பீங்கான் குழல்களை நிறுத்தி வெயிலைத் தடுத்தவரும் அவரே. கண்ணாடி கேட்ட இளைஞர்கள் இதனைக் கருதுதல் வேண்டும். நியூயார்க் வெயிலுக்கே கண்ணாடிக்கு மறைப்பு வேண்டியிருந்தது. மதுராந்தகத்து வெயிலுக்குச் சொல்ல வேண்டுமோ?

குறையையும் மறைத்தல் கூடாது. அதே நியூயார்க்கில் 1913இல் எழுந்த ஊல்வொர்த் மாளிகை, பெரும்பகுதி சுடுமண் போர்த்தது. நீர் உட்புகுந்து கேடு விளைந்தமையால், 1977 முதல் 1981 வரை ஏறத்தாழ 26,000 பலகைகளைக் கழற்றிக் கற்காரைப் பலகைகளை மாற்றிப் பொருத்தினர். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வெறும் சிமெண்டுக் கலவையால் ஒட்டிய மண் வில்லைகள் இரண்டாம் மழைக்காலத்திலேயே உதிர்ந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். நற்காலமாக அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒட்டும் வேலை நமக்கு வேண்டாம். மாட்டும் கொக்கியும் சாதாரண இரும்பாயிருத்தல் ஆகாது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் பலகையைப் பிளக்கும். உப்புக்காற்று எட்டும் நம் பகுதியில் துருப்பிடிக்காத எஃகும் அலுமினியச் சட்டமும் இன்றியமையாதவை. செலவு மிகும் என்பது உண்மை. முகப்பு முழுவதற்கும் பொருத்தப் பணம் இல்லையெனின், மேற்கு வெயில் படும் சுவருக்கு மட்டும் பொருத்தி, ஏனைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

இனி மண். ஏரி மண்ணை அப்படியே சுட்டால் பலகை கோணும், வெடிக்கும். காயும்போது மண் சுருங்குவதே காரணம். அதனைக் குறைக்கச் சுட்ட ஓட்டை இடித்துத் தூளாக்கிக் கலப்பர். உவர் மண்ணாயின் பின்னர் உப்புப் பூத்து முகப்பை வெளுக்கச் செய்யும். வேக்காடு 1000 பாகை வெப்பத்தையேனும் தொடுதல் நன்று. வெந்ததா என்று அறியக் கருவி வேண்டுவதில்லை. உலர்ந்த பலகையை நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுத்தால் எவ்வளவு நீர் குடித்தது என்று தெரியும். சாதாரணச் செங்கல்லுக்கு நூற்றுக்கு 20 பங்கு வரை இந்தியத் தர நிர்ணயம் ஒப்புகிறது. முகப்புப் பலகை அதனினும் மிகக் குறைவாகவே குடித்தல் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் எட்டாம் வகுப்பு மாணவரே செய்யத்தக்க ஆய்வு இது. நம் தாய்மார்க்கோ தராசும் வேண்டா. மிதிக்கும் பாதமே மண்ணின் பதத்தைக் கூறிவிடும். தட்டும் விரலே வேக்காட்டைக் கூறிவிடும். அந்த அறிவு சூளையோடு கழிந்துபோவதுதான் எமக்கு வருத்தம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதே துறையில் பொறியியற் பட்டமே பெறலாம். எழும்பூர்க் கல்லூரியில் சுடுமண் கலையும், மாமல்லபுரத்து அரசுக் கல்லூரியில் கட்டடக்கலையும் சிற்பமும் பயிற்றுகின்றனர். மண் அறுத்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே விண்ணப்பித்திருக்கிறோம்? எம் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவரும் இல்லை. எடுத்துச் சொல்லாத பிழை எம்முடையது.

பெரியவரின் கேள்விக்கு மீண்டும் வருவோம். நம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் எவரும் செல்லலாம், எவரும் தடுத்தல் ஆகாது என்பதே அதன் பொருள். அவை ஏற்றது, அரசும் ஆணை பிறப்பித்தது. பொதுக் கட்டடம் என்ற சொல்லில் உள்ள 'பொது' நமக்கு அவ்வளவு எளிதில் கிடைத்ததன்று. ஆகவே நாம் எழுப்பும் படிப்பகத்தின் முகப்பைக் காட்டிலும், அப்பலகை எந்தச் சூளையில் வெந்தது என்பதே எமக்குப் பெரிது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் சூளையின் கல் ஒன்றுகூட இங்கே ஏறுதல் கூடாது. கூலியை வாரந்தோறும் கையில் கொடுக்கும் சூளை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சூளை, அதுவே வேண்டும். விலை கூடினாலும் ஒப்பந்தத்தில் இதனை எழுதுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். எழுதாவிடின் கண்ணாடியே போதும் என்று நாமே கைதூக்குவோம்.

இப்போதைக்கு ஆறு பலகைகளை வரவழைத்துப் பழைய கட்டடத்தின் கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை அவற்றின்மேல் அடிக்கட்டும். தை பிறந்ததும் கழற்றிக் கொக்கிகளையும் பலகையின் முதுகையும் பார்ப்போம். தட்டி ஓசை கேட்டுச் சொல்ல அந்தப் பெரியவரையே அழைத்துள்ளோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் கணக்கைத் தம் பேத்திதான் எழுத வேண்டும் என்கிறார்.