எட்டும் ஒன்றாக வேண்டும்

உங்களுள் இயந்திரத் தொழிற்கூடங்களில் பணியாற்றுவோர் பலர். மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகிய கைகளுக்கு இன்றைய பேச்சு அந்நியமாகத் தோன்றாது. அத்தொழிலில் இல்லாதவர்களும் கேட்கலாம். பழம்பொருள் ஒன்றை அதன் பெயரை நம்பி ஏற்பதா, அளந்து பார்த்து ஏற்பதா என்பதே நாம் ஆராயப் போகும் கேள்வி.

1930-களில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய கார்களை வாங்கினர். மட்கார்டு முதலிய சுமைகளைக் கழற்றினர். எஞ்சினைத் தம் கையாலேயே திருத்தினர். மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தனர். இத்தகைய வண்டிகளுக்குப் பின்னர் 'ஹாட் ராட்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அவர்கள் பெரிதும் விரும்பியது, 1932-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட வி-8 எஞ்சின். அதன் வால்வுகள் பிளாக்கிலேயே அமைந்திருக்கும். மேல்மூடி தட்டையாக இருக்கும். ஆகவே 'பிளாட்ஹெட்' என்றனர். அமெரிக்கக் கார்களில் அது 1953 வரை இடம்பெற்றது. இன்றும் அவ்வெஞ்சினைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் உண்டு.

அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சோதனை பிஸ்டன்தான். பழைய கிடங்கு ஒன்றில் எட்டு பிஸ்டன்கள் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கிறது. பிஸ்டனின் தலையிலும் ஓர் எண் பொறித்திருக்கிறது. இவ்வெண்களை மட்டும் நம்பலாமா? கூடாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு.

1932-இல் வந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 3 1/16 அங்குலம். வீச்சு 3 3/4 அங்குலம். கொள்ளளவு 221 கன அங்குலம். 1939-இல் மெர்குரி காருக்கென வந்த எஞ்சினில் விட்டம் 3 3/16 ஆயிற்று, கொள்ளளவு 239. இனி, பிஸ்டன் தலையில் '125' என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். மூல அளவைவிட 0.125 அங்குலம், அதாவது 1/8 அங்குலம் பெரிது என்பது அதன் பொருள். மூல அளவு எது? முதல் எஞ்சினுக்குரியதாயின் அது 3 3/16 அங்குலப் பிஸ்டன். இரண்டாவதற்குரியதாயின் 3 5/16. எண் ஒன்றே, பொருள் இரண்டு. ஆகவே விட்டத்தை அளந்தே தீரவேண்டும்.

அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் முழு வட்டமன்று. வெப்பத்தில் விரிவதற்கு இடம் வைத்து, சற்று நீள்வட்டமாகக் கடைந்திருப்பார்கள். கட்ஜன் பின் செல்லும் திசையில் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். பின்னுக்குச் செங்குத்தான திசையில், ஸ்கர்ட் என்னும் கீழ்ப்பகுதியிலேயே மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். பழைய பிஸ்டன்களில் தேய்ந்த ஸ்கர்ட்டைக் கொத்திப் புடைக்கச் செய்து விற்பதும் உண்டு. அத்தகையது பொய்யளவு காட்டும்.

விட்டம் சரியாக அமைந்தாலும் பொறி ஒன்று காத்திருக்கிறது. 1949 முதல் 1953 வரையிலான மெர்குரி எஞ்சினில் விட்டம் மாறவில்லை. வீச்சு மட்டும் 4 அங்குலமாயிற்று. அந்த கிராங்க் தண்டைப் பழைய பிளாக்கில் பொருத்திக் கொள்ளளவைக் கூட்டுவது ஹாட் ராட் அமைப்போரின் விருப்பமான வழி. வீச்சு 1/4 அங்குலம் கூடினால், பிஸ்டன் மேலே 1/8 அங்குலமும் கீழே 1/8 அங்குலமும் கூடுதலாகச் செல்லும். ஆகவே மெர்குரி பிஸ்டனில் பின்துளை 1/8 அங்குலம் மேலே தள்ளி அமைந்துள்ளது. முந்தைய பிஸ்டனை இதில் இட்டால், சிலிண்டருள் தடையின்றி இறங்கும், பின்னும் பொருந்தும், ஆனால் உச்சிக்கு ஏறும்போது மேல்மூடியில் இடிக்கும். மாற்றி இட்டாலோ உச்சிக்கு 1/8 அங்குலம் கீழேயே நின்று, அழுத்தம் குன்றும். இதனைத் தவிர்க்க, பின்துளையின் மேல்விளிம்பிலிருந்து பிஸ்டன் தலையின் ஓரம்வரை அளந்து, 3/4 அங்குலப் பின்னின் பாதியாகிய 3/8 அங்குலத்தைக் கூட்ட வேண்டும். எட்டிலும் இவ்வளவு ஒத்திருத்தல் அவசியம். ரிங் பள்ளங்களின் அகலத்தையும் உடன் சரிபார்க்கலாம்.

அடுத்தது எடை. பிஸ்டன் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 8000 முறை நின்று திரும்புகிறது. 4 அங்குல வீச்சும் 7 அங்குல ராடும் உள்ள எஞ்சினில், அவ்வேகத்தில் உச்சியில் ஒரு கிராம் மிகை எடை ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையாக இழுக்கும். ஆகவே எட்டையும் நிறுத்து, மிக இலேசானதை அளவுகோலாகக் கொண்டு, மற்றவற்றில் பின்தாங்கும் புடைப்பின் அடிப்பக்கத்தில் சிறிது உலோகம் நீக்குவர். தலையின் அடியில் கைவைப்பதில்லை. எட்டும் ஒத்த பின்னும், மொத்த எடை மாறியிருப்பின் கிராங்க் தண்டை மறுபடி சமன் செய்ய வேண்டும்.

வெடிப்பு காணவும் எளிய முறை உண்டு. பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணப்பொடி பூசினால், விரிசல் இருக்குமிடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும்.

இத்தனையும் முடிந்த பின்னரே பிளாக்கைக் கடைய வேண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், எந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி என்பதைக் கையிலுள்ள பிஸ்டனே தீர்மானிக்கிறது. முதலில் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுபவர், கிடைத்ததற்கேற்ப மறுபடியும் கடைய நேரிடும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. மெலிந்த சுவர் தானாக வளர்வதில்லை. எழுபது ஆண்டு கடந்த அந்தப் பிளாக்கை அன்று வார்த்த ஆலை மீண்டும் வார்த்துத் தரப் போவதுமில்லை.

எனவே, அன்பர்களே, பெட்டியில் உள்ள எண் பிறர் சொன்ன சொல். அளவு நம் கண் கண்ட சாட்சி. பழையதைக் காக்க விரும்புவோர், வெட்டுக்கருவியை எடுக்குமுன் அளவுகருவியை எடுக்கட்டும்.