பேட்டிக்கும் சாதகம் வேண்டும்

(நமது சங்கத்தின் தில்லிக் கிளையில், இளம் பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



நான் சங்கீத வித்வான் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய அரசில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பத்திரிகை, வானொலிப் பேட்டிக்கு எப்படித் தயாராவது என்று பேச எனக்கு என்ன தகுதி? அதில் ஒரு தவறு செய்தவன் என்ற தகுதிதான்.

1996-இல் என் பெண்ணை வானொலிப் பேட்டிக்கு அழைத்தார்கள். அவளுக்கு 18 வயது. ஆபீஸ் பழக்கத்தில் நானே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வாங்கிய பரிசுகள், பாடிய சபாக்கள், இரண்டு கோடை விடுமுறைகளில் சென்னையில் பாடம் கேட்ட பிரபல வித்வானின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. குரு யார் என்று கேட்டதும் குறிப்பில் உள்ளபடியே சொன்னாள். கரோல்பாகில் ஒன்பது வருஷம், சரளி வரிசையிலிருந்து கீர்த்தனைகள் வரை சொல்லிக்கொடுத்த மாமியின் பெயர் குறிப்பில் இல்லை, பேட்டியிலும் வரவில்லை. மாமியோ அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். மறுநாள் போனபோது, "பாட்டு நன்னா இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பேட்டி வருவதற்குள் காலமாகிவிட்டார்.

ஆகவே, குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் முதல் குருவின் பெயர். அடுத்து மற்ற குருமார்கள், பக்கவாத்தியக்காரர்கள். பரிசுகள் கடைசியில். பெயர்களைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதி நிருபரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார். பிறகு துணைக் கேள்விகள் எழும். அவற்றை ஊகித்துக் குறிப்பு தயாரிப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. பேட்டியிலும் சிக்கல் துணைக் கேள்வியில்தான். இந்தி நிருபர், "இந்த ராகத்துக்கு ஹிந்துஸ்தானியில் என்ன பெயர்?" என்பார். மோகனத்துக்கு பூபாலி, ஹிந்தோளத்துக்கு மால்கௌன்ஸ் என்று சொல்லிவிடலாம். ஆனால் தோடிக்குத் தோடி என்று தலையாட்டிவிடாதீர்கள். நம் தோடியின் ஸ்வரங்கள் அவர்களுடைய பைரவியோடு ஒத்தவை. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்குப் பக்கம். தெரியாவிட்டால், "குருவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே கௌரவமான பதில்.

சயன்ஸ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்று. முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் சித்தியடைந்தார் என்பது சரித்திரம். அவர் அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்தது என்பது ஐதீகம். இரண்டையும் சொல்லலாம், ஐதீகத்தை ஐதீகம் என்றே சொல்லுங்கள். இன்ன ராகம் இன்ன வியாதியைத் தீர்க்கும் என்று மட்டும் சொல்லவேண்டாம். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள்.

நேரடி ஒலிபரப்பா, பதிவா, எத்தனை நிமிஷம், பாடச் சொல்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சுருதிப் பெட்டியை உங்கள் கட்டைக்கு வைத்துத் தயாராக எடுத்துப் போங்கள். இரண்டு நிமிஷத்தில் பாடி முடிக்க ஒரு பல்லவி, அனுபல்லவி கைவசம் இருக்கட்டும். வானொலியில் தலையசைத்தால் யாருக்கும் கேட்காது. வாய் திறந்து பதில் சொல்லுங்கள். "இதை எழுதாதீர்கள்" என்று சொல்லி எதையும் சொல்லவேண்டாம். சொல்லக்கூடாததை நிருபர் முன்னால் சொல்லாமலிருப்பதே நல்லது. சக கலைஞர்களைப் பற்றிய அபிப்பிராயம் வீட்டோடு இருக்கட்டும். முதல் நாள் அப்பாவையோ தாத்தாவையோ கேள்வி கேட்கச் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். கச்சேரி நாளானால் பேச்சைக் குறைத்துக் குரலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

என் பெண் இன்று எந்தப் பேட்டியிலும் மாமியின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள். கேட்பதற்கு மாமி இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி இப்போதே சொல்லிவிடுங்கள்.