உதிர மறுக்கும் செல்



பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. அரும்பில் தொடங்கும் அந்த வரிசையில் உதிரும் பூவுக்கும் ‘வீ’ என்று ஒரு பெயர் இருக்கிறது. 1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூவரும் செல் தானே ஒடுங்கி மடிவதற்குப் பெயர் தேடினார்கள். அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த ‘அப்போப்டோசிஸ்’ என்ற சொல்லுக்கும் இலையும் இதழும் உதிர்வது என்றே பொருள். அமராவதி நகரில் நடக்கும் இந்த வாய்ப்புற்றுக் கருத்தரங்கில் இன்று நாம் பேசப்போவது உதிர மறுக்கும் செல்லைப் பற்றி.

கன்னத்தின் உட்புறச் செல் ஒன்றில் டிஎன்ஏ பழுதாகிறது. பி53 புரதம் செல் பிரிவதை நிறுத்திப் பார்க்கும். பழுது தீராதென்றால் சாவுக்கு உத்தரவிடும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி கசியும். காஸ்பேஸ் நொதிகள் கிளம்பிச் செல்லை உள்ளிருந்தே துண்டாக்கும். அண்டைச் செல்கள் துண்டுகளை விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ இராது. வெளியிலிருந்து வரும் சாவுச் செய்திக்கு இன்னொரு வாசல் உண்டு. அங்கே காவல் காஸ்பேஸ்-8.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி தூக்கத்தை விரட்டப் புகையிலையையும் பாக்கையும் கன்னத்தில் ஒதுக்குகிறார். அவை ஆண்டுக்கணக்கில் ஊறும் கன்னமும் ஈறுமே நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுதியாகக் கிளம்பும் இடங்கள். இத்தகைய கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து இந்திய ஆய்வுக் குழு 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. அடிக்கடி பழுதாகியிருந்தவற்றில் பி53-இன் மரபணுவும் இருந்தது, காஸ்பேஸ்-8-இன் மரபணுவும் இருந்தது. இரண்டு வாசலிலும் காவல் குலைந்திருந்தது.

கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் மருந்தும் டிஎன்ஏவைச் சிதைத்துச் செல்லைச் சாகத் தூண்டுபவை. அந்தத் தூண்டுதலை ஏற்க வேண்டிய புரதங்களே கெட்டுப்போனால் சிகிச்சை வீணாகிறது. காஸ்பேஸ்களைக் கட்டிப்போடும் புரதங்களை விலக்க வந்த ஜெவினாபன்ட் என்ற மருந்து, தலை, கழுத்துப் புற்றுக்கான இரண்டாம் கட்டச் சோதனையில் நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் பலன் தெரியாததால் 2024-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு தடையை நீக்கினால் போதும் என்ற கணக்கு தப்பிவிட்டது. எந்தக் கட்டியில் எந்த வழி இன்னும் அடைபடவில்லை என்பதை அறிந்து மருந்து கொடுக்கும் முறையை நாம் தேட வேண்டும்.

அதோடு இன்னொரு கேள்வியையும் அவைமுன் வைக்கிறேன். செல் இந்தப் பிடிவாதத்தை எப்போது பழகுகிறது? புற்றாக மாறாத வாயின் வெண்படலத்திலேயே பி53 பழுது காணப்படுவதுண்டு. அப்படியானால் நமக்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. பனியன் கம்பெனிச் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்ணைக் கேளுங்கள்: துணியிலேயே ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தை ஒதுக்கி வெட்டலாம், தைத்து முடித்த பிறகு தெரிந்தால் முழுப் பீஸும் கழிவு. வாயையும் இப்படி முன்கூட்டியே பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு குறைந்ததை 2005-இல் வெளியான முடிவு காட்டியது.

காஸ்பேஸைப் பற்றிக் கட்டுரை படிப்பவர்களும் கம்பெனி வாசலில் முகாம் நடத்துபவர்களும் இன்று ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும்படி பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.