கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெயா?

டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுப்பதைக் கண்டு சாரதிகள் கலங்குவதுண்டு. எரிபொருள் முற்றாக எரியாதவிடத்துப் பிறக்கும் கரித்துகள், ஒரு மில்லிமீற்றரின் 10,000 இல் ஒரு பங்கிலும் சிறியது. அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு எண்ணெயிலுள்ள இரசாயனச் சேர்க்கை அவற்றைப் பிரித்து ஏந்துகிறது. ஆகவே கறுப்பு, எண்ணெய் கடமையாற்றுவதன் அடையாளமே.

ஆயினும் அச்சேர்க்கை தீர்ந்ததும் துகள்கள் திரளும், எண்ணெய் தடிக்கும், உலோகம் தேயும். நைதரசன் ஒட்சைட்டைக் குறைப்பதற்காகக் கழிவுப்புகையின் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் செலுத்தும் இக்கால எஞ்சின்களிற் கரி மேலும் பெருகும். வாகனம் நிற்க எஞ்சின் மட்டும் இயங்கும் வேளையிலும் கரி சேரும். அதனைக் கிலோமீற்றர்க் கணக்குக் காட்டாது.

ஆதலின், நேயர்களே, நிறத்தை நம்பாது, தயாரிப்பாளர் விதித்த தரத்து எண்ணெயை விதித்த தவணையில் மாற்றுக. எண்ணெய்ச் செலவை மிச்சம்பிடிப்போர் எஞ்சினையே இழக்க நேரும்.