றொக் பாட்டு யாருடைய சொத்து?
(டீட்டிகோன் சந்திப்பில் பேசியது)



எங்கட ஆக்களுக்கென்று ஒரு வானொலி தொடங்குவம், விளம்பரம் எடுத்து நடத்தலாம் என்று போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அதுக்குப் பதில் சொல்ல முதல் சூரிச்சின் கதை ஒன்றைச் சொல்லவேணும்.

1979 இல் சுவிசில் இருந்தது பொது வானொலி மட்டும்தான். அதில் றொக் பாட்டுக்குக் கிடைச்ச நேரம் சொற்பம். இத்தாலியிலோ 1976 இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு, தனியார் உள்ளூர் வானொலிகளுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. ரோஜர் ஷவின்ஸ்கி என்ற பத்திரிகையாளர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிட்சோ குறோப்பெரா மலையில், ஏறக்குறைய 3000 மீற்றர் உயரத்தில் ஒலிபரப்பியை நட்டார். நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் சூரிச்சில் 'றேடியோ 24' கேட்டது. பொப், றொக், இடையில் விளம்பரம். 1980 ஜனவரியில் இத்தாலி அதை மூட, சூரிச்சில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிச்சினம்.

ஒரு முதலாளியின்ர வானொலிக்காக ஊர்வலமா என்று நாங்கள் சிரிக்கலாம். ஆனால் சனம் கேட்டது அவரையில்லை, பாட்டை. அதே காலத்தில் 'றொக் அல்ஸ் றெவோல்ட்டே' என்றொரு குழு, இளைஞருக்கு இடம் வேணும், நுழைவுச்சீட்டு மலிவாக வேணும் என்று கேட்டது. நகரமோ ஒப்பேரா மண்டபத்துக்கு ஏறக்குறைய 60 மில்லியன் பிராங் ஒதுக்கப் பார்த்தது. மே 30 இரவு ஒப்பேரா வாசலில் கலவரம் வெடிச்சது. அன்றைக்கே ஹாலன்ஸ்டேடியனில் பொப் மார்லியின் கச்சேரி. அது முடிஞ்சு வந்த ஆக்களும் கூட்டத்தோட சேர்ந்தார்கள்.

1983 நவம்பரில் தனியார் உள்ளூர் வானொலிகளுக்கு இங்கேயே அனுமதி கிடைச்சது. பொது வானொலியும் அவசரமாக இளைஞருக்கென்று 'டிஆர்எஸ் 3' ஐத் தொடங்கிச்சு. அந்த வருஷம் ஜூலையில் கொழும்பு எரிஞ்சதால்தான் எங்கட பெற்றோர் பலர் இங்க வந்தார்கள். கோப்பை கழுவின உணவகச் சமையலறைகளில் அவர்களுக்குக் கேட்டது இந்தப் பாட்டுகள்தான். அடுப்படியில் முதலாளி திருப்பிவிட்ட றேடியோ, யாரும் அலைவரிசையை மாத்தக்கூடாது! தெருவில் கேட்டு வாங்கின றொக், வேலைத்தலத்தில் ஆக்களைச் சோர்வில்லாமல் ஓடவைக்கிற சத்தமாக மாறியிருந்தது.

றேடியோ 24 க்கு என்ன நடந்தது? 2001 இல் ஷவின்ஸ்கி அதை 'டாமீடியா' நிறுவனத்துக்கு வித்தார். இப்ப அது 'சிஎச் மீடியா'வின் கையில். நாங்கள் இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கின் பத்திரிகை 'லிம்மட்டாலர் சைட்டுங்' கூட அவர்களுடையதுதான். ஊர்வலம் போனவர்களிடம் யாரும் கேட்டு விக்கயில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. சட்டப்படி அது அவருடைய சொத்து.

அதே 1983 இல் தொடங்கின இன்னொரு வானொலியும் இருக்கு: 'றேடியோ லோறா'. விளம்பரம் இல்லை, பல மொழிகள், நிகழ்ச்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். சத்தம் சில நேரம் கரகரக்கும், சில நிகழ்ச்சி அலுப்பும் அடிக்கும், உண்மைதான். ஆனால் அதை ஒரு முதலாளி கைமாத்தி விக்க ஏலாது.

விளம்பரம் எடுத்தால் எங்களுக்கு யார் தருவார்கள்? நகைக்கடை, காப்புறுதி முகவர், பயண முகவர், மண்டபக்காரர். சமையலறையில் சம்பளம் குறைச்சுக் குடுக்கிற எங்கட முதலாளிமாரைப் பற்றி அந்த வானொலியில் எத்தனை நிமிஷம் கதைக்கலாம்?

அதனால் என்ர முன்மொழிவு: புதுசாக ஒன்று தொடங்காமல், லோறாவில் மாதம் ஒரு மணித்தியாலம் கேட்டு விண்ணப்பிப்பம். தமிழும் ஜெர்மனும் கலந்து, பாட்டும் வேலைத்தலச் செய்தியும். ஒலிப்பதிவு பழகுறதுக்கு மூன்று பேர் தேவை. இடைவேளையில் பெயர் தாங்கோ.