நகர மறுக்கும் நீராவி எஞ்சின்

கோலார் தங்கவயலுக்கு 1894-இல் ரயில் வந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை நீராவி எஞ்சின்கள் ஓடின. 1902-இல் சிவனசமுத்திரத்தின் மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்த பிறகும் தண்டவாளத்தில் நீராவிதான்.

அந்தப் பெரிய எஞ்சின்களின் பிடிவாதம், நிஜ நீராவியில் ஓடும் மாதிரி எஞ்சினுக்கும் உண்டு. புதிதாக வாங்கியவர் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டுவார். அழுத்தம் ஏறும். நீராவியைத் திறந்துவிட்டால், புகைபோக்கி வெந்நீரைத் துப்பும், சக்கரம் அசையாது. பழுது என்று பயந்துவிடுவார்.

பழுதில்லை. சிலிண்டர் குளிர்ந்திருப்பதால் நீராவி உள்ளேயே தண்ணீராகிறது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கையால் முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினால் தண்ணீர் வெளியேறும், சிலிண்டர் சூடாகும், எஞ்சின் கிளம்பிவிடும். பெரிய எஞ்சினில் இதற்கென்றே வடிகுழாய் உண்டு. புறப்படும்போது பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி சீறியது அதனால்தான், ஜம்பத்துக்காக அல்ல!

அடுத்தது எண்ணெய். எண்ணெய் ஊற்றிய சின்னக் கிண்ணத்தில் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் சிலிண்டருக்குப் போகும். ஓட்டி முடித்ததும் அந்த நீரை வடிக்காவிட்டால், அடுத்த முறை எண்ணெய்க்கு இடமிருக்காது.

கொதிகலனுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.