பிறந்த வீட்டைக் கடைசியில் பாருங்கள்

அம்மா பிறந்த ஊரை, அப்பா பிறந்த ஊரைப் பார்த்துவர இன்று பல குடும்பங்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. நேரே பூர்வீக வீட்டு வாசலில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை. பொழுது மிச்சமிருந்தால் பக்கத்து ஊர்களையும் எட்டிப் பார்ப்பார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. சுற்றுவட்டாரத்தைப் பார்க்காமல் வந்தவருக்குப் பிறந்த வீடு அதிகம் பேசாது. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டை வைத்தே சொல்கிறேன். அங்குள்ள வீடுகளைப் போலப் பார்த்தவரை மலைக்க வைத்து, காரணத்தைச் சொல்லாமல் நிற்கும் வீடுகள் குறைவு.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். காவிரிக்கரைப் பச்சை திருச்சியோடு நின்றுவிடும். பிறகு செம்மண், முள்மரங்கள், திடீரெனத் தலைதூக்கும் பாறைக் குன்றுகள், வானம் பார்த்த கண்மாய்கள். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசலுக்கு வண்டியைத் திருப்புங்கள். அங்கே சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபையான சமவசரணத்தின் காட்சி என்று கலை வரலாற்றாளர்கள் விளக்குகிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் தண்ணீரின் அருமை தெரிந்த பூமியில் நின்று அதை அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் குளம் இன்னும் ஆழமாகிறது. தெற்கே திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பள்ளிகொண்ட பெருமாளுக்கும் கோயில்கள், மேலே கோட்டை. 1887-ல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது. 1939-ல் சென்னை மேயரான அவர் பெயரைத்தான் பூண்டி நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது. தண்ணீர் காணாத சீமையின் பிள்ளைக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் என்றே எனக்குப் படுகிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டுச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்குள் நுழைகிறவர் மனத்தில் ஒரு கேள்வி தானாக எழும்: இந்த வறண்ட மண்ணில் இத்தனை பெரிய வீடுகள் எப்படி? நேரே வந்து இறங்கியவருக்கு அந்தக் கேள்வியே வராது. செல்வச் செழிப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்குச் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் முன்னணியில் இருந்தார்கள். அந்தப் பணமும் பர்மாத் தேக்கும் கப்பலேறி இங்கே வந்தன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீளும் இந்த வீடுகளில், வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கூரை ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படி ஊரையே சரிவு பார்த்து அமைத்தார்கள். கோடி கோடியாகச் சம்பாதித்த போதும் ஒரு சொட்டு மழையை வீணாக்கக் கூடாது என்று கருதியவர்கள் அவர்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது வரவு நின்றது. இன்று பல வீடுகள் பூட்டிக் கிடப்பதன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோருக்கும் அங்கே மாளிகை இருந்ததா என்று கேட்கலாம். இல்லைதான். கொத்தனார், தச்சர், கண்மாய்ப் பாசனத்தில் உழுதவர் என்று அங்கே பிறந்தவர்களில் பலருடைய மண்வீடு என்றோ கரைந்துபோயிருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு என் வாதம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவை ஊற்றி இன்றும் கையாலேயே தரைக்கல் வார்க்கும் ஆத்தங்குடிப் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால், வீடு இல்லாமலே முன்னோரின் உழைப்பைப் பார்க்கலாம். ஊர் மாறிவிட்டதே என்பது அடுத்த தடை. உண்மை. இடிபட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன்: நிலைக்கதவு எந்த நகரத்துப் பங்களாவுக்கும் போய்ச் சேரலாம், ஊருணி எங்கும் போகாது. வயதான தாயையோ தந்தையையோ உடன் அழைத்துப்போகிறவர்கள் வீட்டைத் தள்ளிப்போடுவது கொடுமை அல்லவா என்பார்கள். உடல்நிலை இடம் தராவிட்டால் வீட்டுக்கே முதலில் போங்கள். அங்கே நான் விட்டுக்கொடுக்கிறேன். மற்றபடி, பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வலம்புரிப் பிள்ளையார் முன்பு நிற்கும்போது, நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் அதுவும் ஒன்று என்பதையும், ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகள் என்பதால் பெண்ணெடுப்பது பெரும்பாலும் வேறு கோயில்களில் என்பதையும் தொட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று பெற்றோரே சொல்லத் தொடங்குவார்கள்.

மார்கழி, தை மாதங்களில் போங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் ஊருணிகளில் தண்ணீர் இருக்கும். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால் பிள்ளையார்பட்டியைக் காலையில் முடித்துக்கொண்டு, ஆத்தங்குடியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டுக்கு மாலையில் போகலாம்.